ஒரு மரக் கித்தாரும் ஓர் இசைத்தட்டும்



முன்னாளில் நம் தோட்டங்கள் பலவற்றில் இரவு குறித்த நேரம் வந்ததும் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். லயத்து விளக்குகள் அணையும். கோயில் ஒலிபெருக்கியும் ஓய்ந்துவிடும். அதன் பிறகு யாராவது ஒருவர் வாசற்படியில் அமர்ந்து ஒரு டோலக்கையோ கித்தாரையோ எடுத்து வாசிப்பார். அந்த ஓசை மெல்லியதுதான். ஆயினும் அருகில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார்கள். ஒலிபெருக்கி முழங்கியபோது கேட்காத நுணுக்கமெல்லாம் அப்போது கேட்கும்.

நமக்கு மின்சாரம் நின்றுபோனதால் கிடைத்த அனுபவம் இது. உலகப் புகழ் வாய்ந்த கித்தார் கலைஞர் ஒருவர், மின்சாரக் கித்தாரில் பெயர் பெற்றுவந்த நேரத்தில், தாமாகவே அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் மரக் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இசைத்தட்டு தயாரித்தார். அவர் பெயர் ஜான் மெக்லாஃப்லின். இசைத்தட்டின் பெயர் ‘மை கோல்ஸ் பியாண்ட்’. ‘என் இலக்கு அப்பால் உள்ளது’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அது 1971-இல் நியூயார்க் நகரில் பதிவாகி, அதே ஆண்டில் வெளிவந்தது. அந்தத் தட்டு எப்படிப் பிறந்தது, அது எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை இன்று காண்போம். அது கடைசியில் சென்னையைச் சேர்ந்த ஒரு மண்பானை வரை வந்து சேர்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

முதலில் ஜாஸ் இசை என்றால் என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தித் தோட்டங்களும் கரும்புத் தோட்டங்களும் பரந்து கிடந்தன. அவற்றில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்களும் அவர்களின் வழிவந்தவர்களும் ஆவர். அவர்கள் அடிமைகள். கூலி என்பதே கிடையாது. வேலை செய்யும்போது ஒருவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் சேர்ந்து மறுமொழி பாடுவார்கள். நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் அறிந்த நமக்கு இந்த முறை புதிதன்று. 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதன் பின்னரும் அந்தப் பாட்டு ஒழியவில்லை. தேவாலயப் பாட்டு, துயரப் பாட்டு, ஊர்வல வாத்தியம் என்று பலவும் கலந்து, நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் இசையாக உருப்பெற்றது. எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பதோடு நில்லாமல், அந்த நேரத்தில் மனத்தில் தோன்றுவதை இசையாக விரிப்பது அதன் உயிர். நம் சங்கீதத்தில் மனோதர்மம் என்று சொல்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு இது.

ஜாஸ் இசைக் குழுக்களில் கித்தாருக்குத் தொடக்கத்தில் பெரிய மதிப்பில்லை. டிரம்பெட், சாக்சபோன், டிரம் ஆகியவற்றின் நடுவே கித்தாரின் ஓசை எடுபடவில்லை. தாளத்துக்குத் துணையாகத் தட்டிக்கொண்டிருந்ததோடு சரி. 1930-களில் மின்சாரக் கித்தார் கடைக்கு வந்தது. கம்பிக்கு அடியில் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். கம்பி அதிர்ந்தால் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவார்கள். சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் 1939-இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்து இந்தக் கருவியை வாசித்தபோதுதான், கித்தாரும் முன்வரிசைக் கருவி என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே மின்சாரம் கித்தாருக்குச் செய்த நன்மையை நாம் மறுக்க முடியாது.

ஆனால் மரக் கித்தாரின் குணம் வேறு. அதில் கம்பியின் அதிர்ச்சி மரப்பலகைக்கு இறங்கி, உள்ளே இருக்கும் காற்றையும் அதிரச் செய்து, வட்டத் துளை வழியே வெளிவருகிறது. ஒலி பிறந்த உடனே தேயத் தொடங்குகிறது. மின்சாரக் கித்தாரைப் போல ஒரே சுரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் தனியாக உழைக்க வேண்டும். பிழை நேர்ந்தால் மறைத்துக்கொள்ள ஓசையின் திரை எதுவும் இல்லை.

ஜான் மெக்லாஃப்லின் 1942 ஜனவரி 4-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் டோன்காஸ்டர் அருகே பிறந்தார். அவருடைய தாயார் வயலின் வாசிப்பவர். வீட்டில் இசை கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன்மார் வழியாகக் கித்தார் அவர் கைக்கு வந்தபோது வயது 11. பாரிசில் மரக் கித்தார் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டுகள் அவரை மிகவும் கவர்ந்தன. பின்னர் லண்டனுக்குச் சென்று பல குழுக்களில் வாசித்தார். 1969-இல் ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ என்ற தம் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார்.

அமெரிக்காவிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. டிரம் கலைஞர் டோனி வில்லியம்ஸ் தொடங்கிய புதிய குழுவில் சேர நியூயார்க் சென்றார். போய் இறங்கிய சில நாட்களிலேயே, ஜாஸ் உலகின் தலைமகனான மைல்ஸ் டேவிஸ் அவரைத் தம் ஒலிப்பதிவுக்கு அழைத்துக்கொண்டார். 1969 பிப்ரவரியில் பதிவான ‘இன் எ சைலண்ட் வே’, ஆகஸ்டில் பதிவான ‘பிட்ச்சஸ் ப்ரூ’ ஆகிய இரண்டிலும் அவர் வாசித்தார். இரண்டாவது தட்டில் ஓர் உருப்படிக்கு ‘ஜான் மெக்லாஃப்லின்’ என்றே மைல்ஸ் டேவிஸ் பெயர் வைத்தார். அந்நிய நாட்டுக்கு வந்த 27 வயது இளைஞருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன வேண்டும்?

அந்தக் காலத்தில் ஜாஸ் இசையும் ராக் இசையும் கலந்து, மேடைகளில் ஓசை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிற்று. மெக்லாஃப்லினும் அந்த ஓட்டத்தில் முன்னால் ஓடியவர்தாம். ஆனால் அவர் மனம் வேறொன்றையும் தேடியது. யோகப் பயிற்சியில் ஈடுபட்டார். 1970-இல் ஸ்ரீ சின்மய் என்ற வங்காளியின் சீடரானார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் சுமார் 20 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு 1964-இல் நியூயார்க் சென்றவர் ஸ்ரீ சின்மய். அவர் தம் சீடருக்கு ‘மகாவிஷ்ணு’ என்று பெயர் சூட்டினார். நாம் பேசும் இசைத்தட்டு இந்தக் குருவுக்கே காணிக்கையாக்கப்பட்டது.

இனி, அந்தத் தட்டில் இடம்பெற்ற ஒருவரைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பாதல் ராய். இன்றைய வங்காளதேசத்தில் உள்ள கோமில்லாவில் 1939-இல் பிறந்தவர். புள்ளியியல் படிப்பதற்காக 1968-இல் நியூயார்க் வந்தார். கையில் பணமில்லை. இந்திய உணவகங்களில் பரிமாறும் வேலை செய்தார். சிறுவயதில் கற்ற தபலாவை, கிரீனிச் வில்லேஜ் பகுதியிலிருந்த ஓர் உணவகத்தில் சிதார் கலைஞர் ஒருவருடன் சேர்ந்து வாசித்துவந்தார். சாப்பிட வருகிறவர்கள் சாப்பிடுவார்கள், பேசுவார்கள், போய்விடுவார்கள். உணவகத்தில் வாசிக்கும் இசையை யார் நின்று கேட்கிறார்கள்?

ஒருவர் கேட்டார். அவர்தான் மெக்லாஃப்லின். தாமும் கித்தாரைக் கொண்டுவந்து அங்கேயே ராயுடன் சேர்ந்து வாசித்துப் பார்த்தார். பிறகு ஒருநாள், தம் புதிய ஒலிப்பதிவுக்கு வரும்படி அழைத்தார். ஜாஸ் இசை அறியாத அந்தத் தபலாக்காரர், அமெரிக்காவின் தேர்ந்த ஜாஸ் கலைஞர்கள் நடுவே ஒருவராக அமர்ந்தார். மெக்லாஃப்லின் மூலமாக மைல்ஸ் டேவிசின் அறிமுகமும் அவருக்குக் கிடைத்தது. 1972-இல் டேவிஸ் வெளியிட்ட ‘ஆன் தி கார்னர்’ இசைத்தட்டில் ராயின் தபலாவைக் கேட்கலாம். 2022 ஜனவரியில், தம் 82-ஆம் வயதில், உலகம் அறிந்த கலைஞராக அவர் மறைந்தார். ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்டதால், இன்னொரு மனிதரின் வாழ்க்கை வழி மாறியது.

இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். மெக்லாஃப்லின் இந்த இரண்டு பக்கங்களையும் இரண்டு வெவ்வேறு உலகங்களாக அமைத்தார்.

முதல் பக்கத்தில் இரண்டே உருப்படிகள்: ‘பீஸ் ஒன்’, ‘பீஸ் டூ’. அதாவது அமைதி ஒன்று, அமைதி இரண்டு. இரண்டும் சேர்ந்து சுமார் 20 நிமிடம். கித்தாருடன் எழுவர் கூடியிருந்தனர். சார்லி ஹேடன் பாஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியை வாசித்தார். டேவ் லீப்மன் புல்லாங்குழலும் சோப்ரானோ சாக்சபோனும் வாசித்தார். ஜெர்ரி குட்மேன் வயலின். பனாமா நாட்டில் பிறந்த பில்லி கோபம் டிரம். பிரேசில் நாட்டவரான ஐர்ட்டோ மொரேரா பல்வகைத் தாளக் கருவிகள். பாதல் ராய் தபலா. மெக்லாஃப்லினின் அந்நாளைய மனைவி ஈவ், மகாலட்சுமி என்ற பெயரில் தம்புரா மீட்டினார். இங்கிலாந்து, அமெரிக்கா, பனாமா, பிரேசில், வங்காளம் என்று எத்தனை மண்ணின் மக்கள் ஒரே அறையில் கூடியிருக்கிறார்கள், பாருங்கள்!

தம்புராவின் சுருதி அடியில் நின்று ஒலிக்க, பாஸ் கருவி ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதன்மேல் கித்தாரும் குழலும் வயலினும் மாறி மாறிப் பேசுகின்றன. யாரும் யாரையும் அமுக்குவதில்லை. அமுக்கவும் முடியாது. தலைமைக் கலைஞரின் கையில் இருப்பதோ மென்மையான மரக் கித்தார். ஆகவே மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது. டிரம் வாசிப்பவரும் கை அடக்கி வாசிக்கிறார். மெல்லிய குரலுக்கு இடம் கொடுக்கும் சபை எப்படி இருக்கும் என்பதற்கு இந்தப் பக்கம் ஒரு சான்று.

தட்டைத் திருப்பினால் எல்லாரும் எழுந்து போய்விட்ட வீடு போல இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் கித்தார் மட்டும்தான். சிறிய உருப்படிகள் எட்டு. ஆனால் பல இடங்களில் இரண்டு கித்தார் கேட்கும். ஒருவர் எப்படி இரண்டு கித்தார் வாசிக்க முடியும் என்று நேயர்கள் கேட்கலாம். ஒலிநாடாவில் பக்கம் பக்கமாகப் பல தடங்கள் இருக்கும். முதலில் ஒரு தடத்தில் துணை இசையைப் பதிவு செய்துகொள்வார்கள். பின்னர் அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே, இன்னொரு தடத்தில் முதன்மை இசையை வாசிப்பார்கள். இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் செய்தால் இருவர் வாசிப்பது போல் இருக்கும். அதாவது, சற்றுமுன் தாம் வாசித்ததைத் தாமே கேட்டு, அதற்குத் தாமே மறுமொழி சொல்கிறார் மெக்லாஃப்லின்.

அந்த எட்டும் பெரும்பாலும் நன்றிக்கடன்கள் எனலாம். ‘குட்பை போர்க் பை ஹேட்’ என்பது சார்லஸ் மிங்கஸ் இயற்றியது. தட்டையான தொப்பி அணியும் வழக்கமுடைய சாக்சபோன் மேதை லெஸ்டர் யங் 1959-இல் இறந்தபோது, அவருக்காக எழுந்த இரங்கல் இசை அது. ‘ப்ளூ இன் கிரீன்’ மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வெளியிட்ட இசைத்தட்டில் இடம்பெற்றது. சிக் கொரியா இயற்றிய ஓர் உருப்படி, பியானோ கலைஞர் பில் எவன்சுக்கு அஞ்சலி. ‘ஃபாலோ யுவர் ஹார்ட்’ மெக்லாஃப்லினின் சொந்த இசை. தம் முதல் இசைத்தட்டில் வேறு பெயரில் வாசித்த அதே மெட்டை இங்கே தனியாக வாசித்துப் பார்க்கிறார். இன்னொன்றின் பெயர் ‘சாங் ஃபார் மை மதர்’, அம்மாவுக்கு ஒரு பாட்டு. அந்த அம்மா வயலின் வாசித்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நேயர்களே, இத்தோடு அவர் மின்சாரத்தைத் துறந்துவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. வரலாறு அப்படி நேர்கோடாகப் போவதில்லை. அதே 1971-இல், இந்தத் தட்டில் வாசித்த ஜெர்ரி குட்மேனையும் பில்லி கோபமையும் சேர்த்துக்கொண்டு, ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற குழுவைத் தொடங்கினார். அது மின்சாரக் குழு. அக்காலத்தில் அதன் முழக்கம் பெயர் போனது. 1973-இல் வெளிவந்த அவர்களின் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15-ஆம் இடம் வரை ஏறியது. ஜாஸ் இசைக்கு இது பெரிய வெற்றி. உலகப் புகழ் அவருக்கு முழக்கத்தில்தான் வந்தது என்பதே உண்மை. ஆனால் முதலில் சேர்ந்த அந்தக் குழு 1973 முடிவில் கலைந்துபோயிற்று.

மரக் கித்தாரில் போட்ட வழி மட்டும் அடைபடவில்லை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை கற்பித்துவந்தவர் டாக்டர் எஸ். இராமநாதன். புகழின் உச்சியில் இருந்த மெக்லாஃப்லின் அவரிடம் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். அதே பல்கலைக்கழகத்தில்தான் எல். சங்கரும் இருந்தார். சென்னையில் பிறந்து, இளமையை யாழ்ப்பாணத்தில் கழித்த வயலின் வித்துவான் அவர். தபலா மேதை ஜாகிர் உசேனும் சேர்ந்தார். சென்னையிலிருந்து கடம் வித்துவான் விக்கு விநாயக்ராம் வந்தார். இவர்கள் கூடி அமைத்த குழுவின் பெயர் ‘சக்தி’. 1975-இல் மேடையில் பதிவான இசை அவர்களின் முதல் தட்டாக 1976-இல் வெளிவந்தது. அதில் இராமநாதபுரம் இராகவனின் மிருதங்கமும் உண்டு. அடுத்து, லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ வந்தது. அதில் ஓர் உருப்படி வாயால் சொல்லும் கொன்னக்கோலுடன் தொடங்குகிறது.

இந்தக் குழுவுக்காக மெக்லாஃப்லின் தம் மரக் கித்தாரையே மாற்றி அமைத்துக்கொண்டார். வட்டத் துளையின் குறுக்கே ஏழு கூடுதல் கம்பிகள் பூட்டினார்கள். விரல் பதிக்கும் பலகையில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கினார்கள். அப்படிச் செய்தால் கம்பியை அழுத்தியும் இழுத்தும் வீணையைப் போலக் கமகம் கொடுக்க வழி பிறக்கும். கருவி செய்யும் தச்சரின் கைவேலை இல்லாமல் இது நடந்திருக்காது.

இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. மின்சார முழக்கத்தை எதிர்பார்த்து வந்த இரசிகர்களில் பலர், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசிக்கும் நால்வரைக் கண்டு திகைத்தார்கள். சக்தியின் தட்டுகள் பழைய மின்சாரத் தட்டுகளின் அளவுக்கு விற்கவில்லை. 1978-இல் குழு நின்றுபோயிற்று. அன்று கணக்குப் பார்த்தவர்கள் அதைத் தோல்வி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

காலம் வேறு கணக்கு எழுதியது. 1997-இல் குழு மீண்டும் கூடியது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், பாடகர் சங்கர் மகாதேவன், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் ஆகியோர் பின்னர் அதில் இணைந்தனர். 2023-இல் சக்தி என்ற பழைய பெயரிலேயே ‘திஸ் மொமெண்ட்’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அதற்கு அமெரிக்காவின் கிராமி விருது கிடைத்தது. அப்போது மெக்லாஃப்லினுக்கு வயது 82. தபலாவில் அவரோடு தோளோடு தோள் நின்ற ஜாகிர் உசேன் அதே ஆண்டு டிசம்பரில் காலமானார்.

கடம் என்பது மண்பானைதான். நல்ல களிமண்ணைப் பதமாகக் குழைத்து, தட்டித் தட்டிச் சமன் செய்து, சுட்டு எடுக்கும் பானை. அத்தகைய கடத்துக்குப் பெயர் பெற்ற ஊர் தமிழகத்தின் மானாமதுரை. அந்தப் பானை நியூயார்க்கிலும் லண்டனிலும் மேடை ஏறியதற்கு விநாயக்ராமின் கைத்திறன் முதற்காரணம். அதற்கு இடம் கொடுத்தது மரக் கித்தாரின் அடக்கம். நூறு ஒலிபெருக்கிகள் முழங்கும் மேடையில் பானையின் நுணுக்கம் யாருக்குக் கேட்டிருக்கும்?

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அடுத்தபடியாகக் கல்லாமைக்கு ஒன்று வைத்துவிட்டு, உடனே கேள்விக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். கேள்வி என்று அவர் சொல்வது காதால் கேட்டுப் பெறும் அறிவு. உணவகத்துத் தபலாவை ஒருவர் கேட்டதும், தாம் வாசித்ததைத் தாமே கேட்டதும், உச்சியில் இருந்தவர் மாணவராக அமர்ந்து கேட்டதும் அந்த வகையைச் சேர்ந்தவையே. 1971-இல் வந்த அந்த இசைத்தட்டின் கதையை நாம் எடுத்துக்கொண்டதும் இதற்காகத்தான்.

நம் குடும்பங்களிலும் கித்தார் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மிருதங்கம், உருமி, தப்பு என்று தட்டிப் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். திருவிழாவில் அவர்கள் வாசிப்பது ஒலிபெருக்கியில் போகட்டும். அதற்கு நாம் தடை சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் மாலை, வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டு அமர்ந்திருக்கும் நேரத்தில், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளையை அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டி, தாத்தா, அப்பா, அம்மா எல்லாரும் அருகில் அமர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் விரல் தடுமாறுகிறது, எந்த இடத்தில் நன்றாக வருகிறது என்பது அப்போது அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.